இரண்டு உலகப் போர்களும் நடக்காமல் இருந்திருந்தால் சாம்ராஜ்யங்கள் தப்பித்திருக்குமா?

கேள்வி இதுதான்: இரண்டு உலகப் போர்களும் நடக்காமல் போயிருந்தால், அல்லது ஆண்டவர்கள் இன்னும் கொஞ்சம் புத்தியோடு ஆண்டிருந்தால், பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் போன்ற ஒரு மாபெரும் காலனிப் பேரரசு இன்றுவரை நிலைத்திருக்குமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலைத்திருக்காது. இருபது, முப்பது ஆண்டுகள் கூடுதலாக இழுத்துக்கொண்டு போயிருக்கலாம், அவ்வளவுதான். போர் கொண்டுவந்த கடனும் களைப்பும் முடிவைச் சீக்கிரமாக வரவழைத்தன என்பது உண்மை. ஆனால் நோய் அதற்கு முன்பே உள்ளே இருந்தது. ஆள்பவர்கள் ஒரு பக்கம், ஆளப்படுபவர்கள் மறுபக்கம் என்று நடுவில் ஒரு கோடு போட்டுத்தான் காலனி ஆட்சி நடக்கிறது. சட்டம், சம்பளம், ஓட்டு என எல்லாவற்றிலும் அந்தக் கோடு ஓடுகிறது. கோட்டை வைத்துக்கொண்டே இருந்தால் கீழே இருப்பவர்கள் ஒருநாள் எழுவார்கள். கோட்டை அழித்து எல்லோரும் சமம் என்று சொல்லிவிட்டால், அதற்கு ஆகும் செலவையும் ஓட்டுக் கணக்கையும் பார்த்து ஆளும் நாடே பின்வாங்கிவிடும். இருபதாம் நூற்றாண்டில் இந்த இரண்டு வழிகளையும் பலர் நிஜமாகவே முயன்று பார்த்திருக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்விக்கு வெறும் ஊகத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

முதலில், ஒரு சாம்ராஜ்யம் எதன்மேல் நின்றது என்று பார்ப்போம். 1931 கணக்கெடுப்பில் இந்தியாவின் மக்கள்தொகை சுமார் 35 கோடி. நாட்டை நிர்வகித்த உயர் பணியான ஐ.சி.எஸ்.-ஸின் அதிகாரிகள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். அதிலும் இந்தியர்களின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வந்தது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் அறுபதாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். ஒரு ஜில்லாவை நினைத்துப் பாருங்கள். மேலே ஒரு கலெக்டர். அவருக்குக் கீழே தாசில்தார், ரெவின்யூ இன்ஸ்பெக்டர், கர்ணம், மணியக்காரர், தலையாரி. கலெக்டரை விட்டுவிட்டால் மற்ற எல்லோரும் அந்த மண்ணின் ஆட்கள். வரி வசூலித்தது, கணக்கு எழுதியது, சம்மன் கொண்டுபோய்க் கொடுத்தது, சிறைக் கதவைப் பூட்டியது எல்லாம் அவர்கள் கைதான். ராணுவமும் அப்படியே. இரண்டாம் உலகப் போரில் 25 லட்சம் இந்தியர்கள் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சேர்ந்திருந்தார்கள். அந்த ராணுவத்தின் சம்பளம் பல தலைமுறைகளாக இந்திய வரிப்பணத்திலிருந்து போனது. சூயஸ் முதல் சிங்கப்பூர் வரை பிரிட்டனுக்கு இருந்த பலத்தில் பெரும்பகுதி இந்தியாவின் செலவில் இந்தியர்கள் சுமந்த பலம்.

இப்படிப்பட்ட ஆட்சி, கீழே இருப்பவர்கள் ஒத்துழைக்கும்வரை மலிவானது. அவர்கள் கையை எடுத்துவிட்டால் அதைப் போலச் செலவு பிடித்த ஆட்சி வேறு இல்லை. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் 'தல்வார்' என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில் மாலுமிகள் மோசமான சாப்பாட்டையும் அதிகாரிகளின் வசவையும் எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாட்களில் அது 78 கப்பல்களுக்கும் சுமார் 20,000 மாலுமிகளுக்கும் பரவியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மீதும் வழக்கு நடந்தது. அரசருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றம் நிரூபணமானது, ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டது. ஆனால் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அந்தத் தண்டனையை ரத்து செய்துவிட்டார். நிறைவேற்றினால் ராணுவமே கையைவிட்டுப் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஓர் அரசு தன்னை எதிர்த்துப் போரிட்டவனைத் தண்டிக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டால், அது எத்தனை கப்பல் வைத்திருந்தாலும் கணக்கில் வராது.

சரி, இதெல்லாம் உலகப் போரின் விளைவுதானே என்று கேட்கலாம். போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்கே சுமார் 130 கோடி பவுண்டு கடன்பட்டிருந்தது. அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கித்தான் நாட்டை ஓட்டியது; அந்தக் கடனின் கடைசித் தவணையை 2006 டிசம்பரில்தான் கட்டி முடித்தார்கள். இப்படி நொடித்துப்போன நாடு எப்படி சாம்ராஜ்யத்தைக் காப்பாற்றும் என்பது நியாயமான வாதம். ஆனால் அது பாதிக் கதை.

அயர்லாந்தைப் பாருங்கள். அது லண்டனுக்குப் பக்கத்து வீடு. 1801 முதல் ஐக்கிய ராஜ்யத்தின் பகுதி, வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள். முதல் உலகப் போரில் பிரிட்டன் ஜெயித்தது, அதன் சாம்ராஜ்யம் அப்போதுதான் உச்சத்தைத் தொட்டது. அதே வருஷம், 1918 டிசம்பர் தேர்தலில், அயர்லாந்தின் 105 இடங்களில் 73 இடங்களைப் பிரிவினை கேட்ட ஷின் ஃபெயின் கட்சி பிடித்தது. 1922-ல் ஐரிஷ் சுதந்திர அரசு வந்துவிட்டது. ஜெயித்த கையோடு, கூப்பிடு தூரத்தில் இருந்த பகுதியையே வைத்துக்கொள்ள முடியவில்லை. அதே 1922-ல் எகிப்துக்குப் பெயரளவிலாவது விடுதலை கொடுக்க வேண்டி வந்தது. இந்தியாவில் மாகாணங்களுக்குத் தன்னாட்சி கொடுத்த 1935 சட்டம், 1937 மாகாணத் தேர்தல்கள் எல்லாம் ஹிட்லர் போலந்துக்குள் நுழைவதற்கு முன்பே நடந்தவை.

அமெரிக்காவின் கதை இன்னும் தெளிவானது. பிலிப்பைன்ஸை 1898-ல் ஸ்பெயினிடமிருந்து எடுத்துக்கொண்ட அமெரிக்கா, பத்தாண்டு இடைக்காலத்துக்குப் பிறகு விடுதலை தருவதாக 1934-லேயே சட்டம் போட்டுவிட்டது. அப்போது அதை யாரும் தோற்கடிக்கவில்லை, உலகத்திலேயே பணக்கார நாடும் அதுதான். பிலிப்பைன்ஸ் சர்க்கரை தடையின்றி வந்து தங்கள் விலையைக் கெடுக்கிறது என்று அமெரிக்க விவசாயிகள் கத்தினார்கள். பிலிப்பினோ தொழிலாளிகள் தாராளமாக வந்து இறங்குகிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் கத்தின. காலனி என்றால் அதன் சரக்கும் ஆட்களும் உள்ளே வருவார்கள் என்பதைத்தான் அந்த நாட்டு வாக்காளர்களால் ஏற்க முடியவில்லை.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது போர்ச்சுகலைத்தான். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அதை ஏன் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை. 'போர் நடக்காமல் இருந்திருந்தால்?' என்ற கேள்விக்கு நிஜ உலகம் கொடுத்த விடை அது. இரண்டாம் உலகப் போரில் போர்ச்சுகல் நடுநிலை வகித்தது. ஊர்கள் இடியவில்லை, கஜானா காலியாகவில்லை. தேர்தலுக்குப் பயப்பட வேண்டிய தேவையும் இல்லை. சலாசாரின் சர்வாதிகாரம், ரகசியப் போலீஸ், பத்திரிகைத் தணிக்கை எல்லாம் கைவசம் இருந்தன. நேட்டோவில் தொடக்கம் முதலே உறுப்பினர் என்பதால் மேற்கத்திய நாடுகளின் நட்பும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலனிகளை விடவே கூடாது என்ற வைராக்கியம் இருந்தது. ஒரு சாம்ராஜ்யம் பிழைக்க என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டால் ஏறக்குறைய எல்லாமே அங்கே இருந்தன.

1951-ல் போர்ச்சுகல் தன் காலனிகளின் பெயரை மாற்றியது. இனிமேல் அவை காலனிகள் இல்லையாம், 'கடல் கடந்த மாகாணங்களாம்'. அங்கோலாவும் மொசாம்பிக்கும் கோவாவும் போர்ச்சுகலின் அங்கங்கள், ஒரே தேசம் பல கண்டங்களில் பரந்திருக்கிறது என்று வாதாடினார்கள். ஆனால் சட்டப் புத்தகத்தில் கோடு அப்படியே இருந்தது. ஆப்பிரிக்கர்கள் 'சுதேசிகள்' என்ற தனி வகையில் வைக்கப்பட்டிருந்தார்கள். போர்ச்சுகீசிய மொழி பேசி, அவர்கள் முறைப்படி வாழ்ந்து, வருமானம் காட்டி, மனுப் போட்டு ஜெயித்தவர்களுக்கு மட்டும் குடியுரிமை. அங்கோலாவில் 1950 வாக்கில் அப்படித் தேறியவர்கள் ஆப்பிரிக்க மக்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மற்றவர்கள் சாலை போடவும் தோட்டங்களில் உழைக்கவும் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டார்கள். அந்தத் தனி வகையை ஒழித்தது 1961-ல். அதாவது அங்கோலாவில் துப்பாக்கி வெடித்த பிறகு.

அந்த 1961-லேயே டிசம்பர் மாதம் இந்தியப் படை கோவாவுக்குள் நுழைந்தது. கடைசி ஆள் உள்ளவரை போரிட வேண்டும் என்று சலாசார் உத்தரவிட்டார். கவர்னர் ஜெனரல் வசாலோ எ சில்வா வீண் சாவு வேண்டாம் என்று இரண்டே நாளில் சரணடைந்தார். ஊர் திரும்பியவரைப் பிறகு ராணுவத்தை விட்டே நீக்கினார்கள். 1510-ல் தொடங்கிய ஆட்சி அங்கே அப்படி முடிந்தது. ஆனால் லிஸ்பன் பாடம் படிக்கவில்லை. 1963-ல் போர்ச்சுகீசிய கினியிலும் 1964-ல் மொசாம்பிக்கிலும் போர் தொடங்கியது. ஏறக்குறைய 90 லட்சம் பேர் உள்ள நாடு, மூன்று முனைகளில், பதிமூன்று வருஷம் போரிட்டது. அரசு வருமானத்தில் நாற்பது சதவீதம் வரை ராணுவத்துக்குப் போனது. கட்டாய ராணுவச் சேவை நான்கு ஆண்டு வரை நீண்டது; அதில் பாதிக் காலம் ஆப்பிரிக்கக் காட்டில். கிராமங்களிலிருந்து இளைஞர்கள் இரவோடு இரவாக எல்லை தாண்டிப் பிரான்ஸுக்கு ஓடினார்கள். சாம்ராஜ்யத்தைக் காக்கப் போக வேண்டிய பையன்கள் பாரிஸ் புறநகரில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிவு எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். 1973-ல் அதிகாரிகள் போதாமல், தற்காலிகமாகச் சேர்ந்தவர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து நிரந்தர அதிகாரிகளுக்குச் சமமாகப் பதவி கொடுக்க ஓர் ஆணை போட்டார்கள். தொழில்முறைக் கேப்டன்கள் இதை எதிர்த்துக் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். பதவி உயர்வுப் பிரச்சினையாகத் தொடங்கிய பேச்சு, 'இந்தப் போர் எதற்கு?' என்ற கேள்வியில் போய் நின்றது. பலர் மூன்று நான்கு முறை ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்தவர்கள். ஜெயிக்க முடியாது என்பதை நேரில் பார்த்தவர்கள். 1974 ஏப்ரல் 25 அதிகாலை, வானொலியில் ஒரு பாட்டு ஒலித்ததும், அதைச் சைகையாக வைத்துப் படைகள் லிஸ்பனுக்குள் வந்தன. மக்கள் தெருவுக்கு வந்து சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் சிவப்புக் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள். அடுத்த ஆண்டு நவம்பருக்குள் ஆப்பிரிக்கக் காலனிகள் அத்தனையும் தனி நாடுகள். காலனியைக் காக்க அனுப்பப்பட்ட ராணுவம், கடைசியில் தன் நாட்டு அரசையே கவிழ்த்துவிட்டு வெளியே வந்தது. போரில் அடிபடாத, வாக்காளருக்கு அஞ்சாத, விட்டுக்கொடுக்கவே மறுத்த நாட்டுக்கு இந்தக் கதி என்றால், மற்றவர்களுக்கு எத்தனை வருஷம் கிடைத்திருக்கும்?

இது நடுவில் போட்ட அந்தக் கோட்டை அழியாமல் காத்தவர்களின் கதை. கோட்டை அழிக்கப் பார்த்தவர்களும் இருந்தார்கள். அதில் பிரான்ஸ் போன தூரம் வேறு யாரும் போகவில்லை.

1946-ல் பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனிகளில் கட்டாய வேலையை ஒழித்தது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஐவரி கோஸ்டிலிருந்து பாரிஸ் சபைக்குத் தேர்வான ஊஃபுவே-புவாஞி. அதற்கு அடுத்த மாதமே செனகலின் லமீன் கெய் கொண்டுவந்த சட்டம், பேரரசில் வாழும் எல்லோரும் குடிமக்கள் என்று அறிவித்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு வியர்த்துவிட்டது. பிரான்ஸில் சுமார் நாலு கோடிப் பேர். கடல் கடந்த பகுதிகளில் அதைவிட அதிகம். தலைக்கு ஓர் ஓட்டு என்றால் பாரிஸ் நாடாளுமன்றத்தில் யார் பெரும்பான்மை? அப்படி நடந்தால் பிரான்ஸ் தன் காலனிகளுக்கே காலனி ஆகிவிடும் என்று முன்னாள் பிரதமர் எதுவார் எரியோ சபையிலேயே எச்சரித்தார். ஆகவே குடியுரிமையைக் கொடுத்த கையோடு ஓட்டை அளந்து அளந்து கொடுத்தார்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் கருப்பு ஆப்பிரிக்காவுக்கு மிகச் சில இடங்களே. அல்ஜீரியாவில் இன்னும் வெளிப்படை: 1947 சட்டப்படி அங்கே 120 பேர் கொண்ட சபை, சுமார் பத்து லட்சம் ஐரோப்பியக் குடியேறிகளின் தொகுதிக்கு 60 இடம், எண்பது லட்சம் அளவிலான முஸ்லிம்களுக்கும் அதே 60 இடம். போதாததற்கு 1948 தேர்தலில் முறைகேடு செய்து அந்த 60-லும் வேண்டியவர்களைக் கொண்டுவந்தார்கள். 1954 நவம்பர் முதல் தேதி அல்ஜீரியப் போர் வெடித்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களை இறக்கியும், 1962-ல் விடுதலை கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள்.

ஆனால் இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது போர்க்களம் அல்ல, ஒரு ரயில்வே வேலைநிறுத்தம். 1947 அக்டோபரில் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் ரயில்வே தொழிலாளர்கள், கிட்டத்தட்ட இருபதாயிரம் பேர், வேலையை நிறுத்தினார்கள். கோரிக்கை விடுதலை அல்ல. வெள்ளைக்கார ஊழியருக்கும் கருப்பு ஊழியருக்கும் ஒரே பணி அமைப்பு, ஒரே சலுகைகள் வேண்டும் என்றார்கள். டக்கார்-நைஜர் பாதையில் ஐந்து மாதம் ரயில் சரிவர ஓடவில்லை. சம்பளம் நின்றது, குடும்பங்கள் சந்தையிலும் வயலிலும் வாழ்ந்து சமாளித்தன, ஆனால் ஆட்கள் கலையவில்லை. 1948 மார்ச்சில் கோரிக்கைகளில் ஒரு பகுதி கிடைத்தது. அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: நாங்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படியென்றால் குடும்பப் படி எங்கே, விடுமுறை எங்கே, ஓய்வூதியம் எங்கே?

அந்தக் கேள்விக்குப் பாரிஸிடம் பதில் இல்லை. ஒரு காலனியை வைத்திருப்பது லாபமாக இருந்ததற்குக் காரணமே அங்குள்ள உழைப்புக்கு மலிவு விலை கொடுத்ததுதான். பிரான்ஸில் ஒரு தொழிலாளிக்குக் கிடைப்பது டக்காரிலும் கிடைக்க வேண்டும் என்றால் பள்ளி, ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்கான படி எல்லாம் சேர்த்து யார் பணம் கொடுப்பது? பிரெஞ்சு வரி செலுத்துபவர்தான். 1956-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, அதிகாரத்தோடு சேர்த்துச் செலவையும் அந்தந்தப் பகுதிகளின் சபைகள் தலையில் கட்டினார்கள். 'உங்கள் சம்பளத்தை இனி உங்கள் அரசிடம் கேளுங்கள்' என்பதுதான் அதன் அர்த்தம். பிரான்ஸோடு சேர்ந்தே இருக்கிறீர்களா என்று 1958-ல் பிரெஞ்சுத் தலைவர் டி கோல் வைத்த வாக்கெடுப்பில் பிரெஞ்சு கினி மட்டும் 'வேண்டாம்' என்று சொல்லிப் பிரிந்தது. இரண்டே வருஷத்தில், 1960-ல், ஆப்பிரிக்காவில் மற்றவையும் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. விடுதலைப் போராட்டத்தின் பெருமையை இது குறைக்காது. சமத்துவம் கேட்பதே சாம்ராஜ்யத்தை உடைக்கப் போதுமான ஆயுதமாக இருந்தது என்பதைத்தான் காட்டுகிறது.

பிரிட்டனிலும் இந்தக் கணக்கு ஓடியது. 1957 ஜனவரியில் பிரதமரான மாக்மில்லன், ஒவ்வொரு காலனியிலும் வரவு எவ்வளவு செலவு எவ்வளவு என்று லாப நஷ்டக் கணக்குக் கேட்டார். வைத்திருந்தாலும் விட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்ற ரீதியில்தான் பதில் வந்தது. டச்சுக்காரர்களுக்குள் ஒரு பழமொழியே உண்டு, கிழக்கிந்தியத் தீவுகள் போனால் நாடு நாசமாகும் என்று. 1949-ல் இந்தோனேசியா போனது. நெதர்லாந்து நாசமாகவில்லை, ஐம்பதுகளில் வேகமாக வளர்ந்தது. மற்ற தலைநகரங்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

இன்னும் புத்தியோடு ஆண்டிருந்தால் என்ற பகுதிக்கு வருகிறேன். உள்ளூர்ப் படித்தவர்களையும் வியாபாரிகளையும் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டிருந்தால் அவர்களே சாம்ராஜ்யத்தைத் தாங்கியிருப்பார்களே என்று சிலர் கேட்கிறார்கள். இதற்கு வ.உ.சிதம்பரனார் கதையைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. 1906-ல் அவர் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி முறைப்படிப் பதிவான கம்பெனி. பத்து லட்சம் ரூபாய் மூலதனம், பங்கு ஒன்று 25 ரூபாய். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. அந்தத் தடத்தில் ஏகபோகமாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இவர்களும் குறைத்தார்கள். கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்றது வெள்ளைக்காரக் கம்பெனி. சந்தையில் நடந்தது அத்தனையும் வியாபாரப் போட்டி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் 1908 மார்ச்சில் வ.உ.சி. ராஜத்துரோகக் குற்றத்தில் கைதானார். மாவட்ட நீதிபதி பின்ஹே விதித்தது இரண்டு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது, ஆனாலும் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை.

கையெழுத்துப் போட்டு, பங்கு விற்று, கப்பல் வாங்கி, அவர்கள் எழுதிய கம்பெனிச் சட்டப்படியே போட்டி போட்ட ஒருவரை அந்த ஆட்சியால் தாங்க முடியவில்லை. புத்திசாலியான அதிகாரி ஒருவர் அப்போது இருந்திருந்தால் மாறியிருக்குமா? அந்தத் துறைமுகத்தில் வேண்டுமானால் மாறியிருக்கலாம். ஆனால் வெள்ளைக்காரக் கப்பல், மில், தோட்ட முதலாளிகளுக்கு லண்டனில் குரல் இருந்தது, வ.உ.சி.க்கு இல்லை. 1892-ல் தாதாபாய் நௌரோஜி லண்டனில் ஒரு தொகுதியில் ஜெயித்து எம்.பி. ஆனதை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் லண்டன் வாக்காளர்கள். இந்தியாவிலிருந்த கோடிக்கணக்கானவர்களில் ஒருவருக்குக்கூட அந்த நாடாளுமன்றத்தில் ஓட்டு கிடையாது.

இன்னும் கொடூரமாக அடக்கியிருந்தால்? இதைக் கேட்கவே எனக்குக் கசக்கிறது, ஆனால் கேட்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். 1898-ல் சூடானின் ஓம்துர்மனில் ஒரே காலையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சூடானியர்கள் மெஷின் கன்னுக்கும் பீரங்கிக்கும் இரையானார்கள். பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் படையில் இறந்தவர்கள் ஐம்பதுகூட இல்லை. அந்த ஆயுத இடைவெளி அரை நூற்றாண்டுதான் தாங்கியது. 1954-ல் வியட்நாமின் டியென் பியென் ஃபூவைச் சுற்றியிருந்த மலைகள்மேல் வியட்நாமியர்கள் பீரங்கிகளைக் கயிறு கட்டிக் கையால் இழுத்து ஏற்றினார்கள்; பிரெஞ்சு முகாம் சரணடைந்தது. கென்யாவில் பிரிட்டன் கொடூரத்தில் குறை வைக்கவில்லை. மாவ் மாவ் கிளர்ச்சியை அடக்க ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிலிட்டார்கள், பெருங்கூட்டத்தை முகாம்களில் அடைத்தார்கள். ராணுவக் கணக்கில் அங்கே ஜெயித்தும்விட்டார்கள். ஆனால் 1959 மார்ச்சில் ஹோலா முகாமில் 11 கைதிகள் அடித்தே கொல்லப்பட்டார்கள். தண்ணீர் குடித்ததால் இறந்தார்கள் என்று முதலில் அறிக்கை விட்டார்கள். உண்மை வெளிவந்து லண்டன் நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரே எழுந்து கேள்வி கேட்டார். 1963-ல் கென்யா விடுதலை பெற்றது. ஐம்பது வருஷம் கழித்து, 2013-ல், உயிரோடிருந்த 5,228 பேருக்குப் பிரிட்டிஷ் அரசு நஷ்டஈடு கொடுத்தது. கூடுதல் கொடூரத்தால் கூடுதல் காலம் கிடைக்கவில்லை.

ஒரு நல்ல ஆட்சேபம் பாக்கி இருக்கிறது. ரஷ்யா சைபீரியாவை இன்னும் வைத்திருக்கிறதே, சீனா 1750-களில் சிங் வம்சம் பிடித்த மேற்குப் பகுதிகளை வைத்திருக்கிறதே, அமெரிக்கா மேற்கே பரவிய நிலம் அத்தனையும் அமெரிக்காவாகவே இருக்கிறதே? உண்மைதான். பெரிய பேரரசுகள் முழுசாகவோ பகுதியாகவோ பிழைத்த இடங்கள் இவை. ஆனால் எப்படிப் பிழைத்தன என்று பாருங்கள். நிலம் தொடர்ச்சியாக இருந்தது, ஆள்பவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் குடியேறினார்கள், பல இடங்களில் பூர்வகுடிகள் சிறுபான்மை ஆனார்கள் அல்லது அழிக்கப்பட்டார்கள். அது காலனி ஆட்சி நீடித்த கதை இல்லை, ஒரு மக்களின் இடத்தில் இன்னொரு மக்கள் வந்து உட்கார்ந்த கதை. 35 கோடிப் பேர் வாழ்ந்த இந்தியாவில் அது நடக்கவே முடியாது. குடியேற்றம் பாதியில் நின்ற இடங்களில் ரஷ்யாவாலும் முடியவில்லை. 1959 கணக்கில் கஜகஸ்தானில் கஜக் மக்கள் முப்பது சதவீதம்தான். அப்படியிருந்தும் 1991-ல் அது தனி நாடானது. சோவியத் யூனியன் கலைவதற்கு இரண்டு வருஷம் முன்பு எடுத்த கணக்கெடுப்பில் அந்த யூனியன் முழுவதிலும் ரஷ்யர்களின் பங்கு 50.8 சதவீதமாகச் சுருங்கியிருந்தது.

கடல் கடந்த பேரரசுகளில் எஞ்சியவை சின்னஞ்சிறு இடங்கள். மார்த்தினிக், குவாதலூப், ரெயூனியன், பிரெஞ்சு கயானா நான்கையும் பிரான்ஸ் 1946-லேயே முழு மாவட்டங்களாக்கிவிட்டது. அங்கும் சலுகைகள் முழுசாகச் சமமாகப் பல ஆண்டுகள் ஆயின. நாலு கோடிப் பேர் உள்ள நாட்டில் சில லட்சம் பேரைச் சேர்த்துக்கொண்டால் ஓட்டுக் கணக்கு மாறாது, அதனால் அது சாத்தியமானது.

அந்த அளவுகூட எல்லோராலும் முடியவில்லை என்பதற்கு மால்டா சாட்சி. மத்தியதரைக் கடலில் மூன்று லட்சம் பேர் வாழ்ந்த சிறு தீவு. இரண்டாம் உலகப் போரில் குண்டுமழையைத் தாங்கியதற்காகத் தீவு முழுமைக்கும் பிரிட்டிஷ் அரசர் 'ஜார்ஜ் கிராஸ்' என்ற வீர விருதைக் கொடுத்திருந்தார். 1955-ல் அதன் பிரதமர் டோம் மின்டோஃப் கேட்டது விடுதலை அல்ல, இணைப்பு. லண்டனும் ஒப்புக்கொண்டு வெஸ்ட்மின்ஸ்டரில் மூன்று இடம் தருவதாகச் சொன்னது. 1956 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்களில் 77 சதவீதம் பேர் இணைப்புக்குச் சம்மதித்தார்கள். ஆனால் தேவாலயத்தின் தயக்கத்தாலும் எதிர்க்கட்சியின் புறக்கணிப்பாலும் நூற்றில் நாற்பது பேர் ஓட்டுப் போடவே வரவில்லை. பிறகு பேச்சு பணத்தில் முட்டியது. மால்டாக்காரர்களின் சம்பளமும் சமூகநலச் சலுகைகளும் எத்தனை வருஷத்தில் பிரிட்டனுக்குச் சமமாகும், அதற்குள் கப்பல் கட்டும் துறையில் ஆட்குறைப்பு செய்தால் அவர்கள் கதி என்ன என்று மின்டோஃப் கேட்டார். லண்டன் உறுதி தரவில்லை. 1958-ல் அவர் ராஜினாமா செய்தார். 1964 செப்டம்பர் 21 அன்று மால்டா தனி நாடானது. 1979 மார்ச் 31 அன்று கடைசிப் பிரிட்டிஷ் படையும் கப்பலேறியது. அந்த நாள் இப்போது அங்கே தேசிய விடுமுறை.